நிலம் பிளந்த இடத்தில் எழுந்த நகரம்

சமர்கண்டுக்கும் புகாராவுக்கும் செல்லும் வழியில் ஓர் இரவு தங்கிச் செல்லும் இடமாகவே தாஷ்கண்ட் கருதப்பட்டு வருகிறது. உஸ்பெகிஸ்தானின் தலைநகர் அதனினும் கூடுதலான கவனத்துக்கு உரியது.

தாஷ்கண்டின் நடுவே, அன்ஹோர் கால்வாய்க்கு அருகில், கருங்கல்லால் ஆன ஒரு கனசதுரம் இரண்டாகப் பிளந்து நிற்கிறது; அதன் ஒரு பாதியில் 1966 ஏப்ரல் 26 என்ற நாளும், மறு பாதியில் பூமி அதிர்ந்த அதிகாலை நேரத்தைக் காட்டும் கடிகார முகமும் செதுக்கப்பட்டுள்ளன. கல்லைப் பிளந்த விரிசல் அங்கேயே நின்றுவிடாமல், தரையில் பதித்த கற்களின் ஊடாக வளைந்து நெளிந்து, மனைவியையும் குழந்தையையும் தன் உடலால் மறைத்தபடி கையை முன்னே நீட்டித் தடுக்கும் ஓர் ஆணின் வெண்கலச் சிலையின் காலடி வரை ஓடுகிறது. திருமணம் முடித்த கையோடு, வெள்ளை உடையில் மணமகளும் கறுப்புக் கோட்டில் மணமகனும் உறவினர் சூழ வந்து, இந்தச் சிலையின் அடியில் பூக்களை வைத்துவிட்டுப் போகும் வழக்கம் இந்நகரில் உண்டு. பேரழிவின் நினைவிடத்தில் புது வாழ்வைத் தொடங்குவதை அபசகுனமாகக் கருதாத மக்கள் வாழும் ஊர் இது என்பதை அந்தப் பூக்களே சொல்லிவிடுகின்றன.

பழமையைத் தேடி வரும் பயணிக்குத் தாஷ்கண்ட் முதற்பார்வையில் ஏமாற்றம் அளிக்கக்கூடும். சமர்கண்டின் ரெகிஸ்தான் சதுக்கம் போன்றோ, புகாராவின் கல்யாண் கோபுரம் போன்றோ அஞ்சலட்டையில் அச்சிடத்தக்க ஒற்றைச் சின்னம் இங்கில்லை. அகலமான சாலைகளும், ஓரங்களில் ‘அரிக்’ எனப்படும் திறந்த வாய்க்கால்களும், வரிசை வரிசையான சோவியத் காலத்து அடுக்குமாடிகளுமே கண்ணில் படுகின்றன. ஆனால், ஒரு நகரம் தரைமட்டமான பிறகு தன்னை எப்படி மீட்டுக்கொள்கிறது, அப்போது எதை வைத்துக்கொள்கிறது, எதைக் கைவிடுகிறது என்ற கேள்விக்குக் கட்டடங்களாலேயே விடை எழுதிய தலைநகரங்கள் உலகில் மிகச் சில. அவற்றுள் தாஷ்கண்ட் முன்வரிசையில் நிற்பது. இங்கே காண வேண்டிய பெருங்காட்சி அந்த விடைதான்.

ஓர் ஆண்டு, இரண்டு செய்திகள்

இந்தியர்களுக்குத் தாஷ்கண்ட் என்ற பெயர் 1966ஆம் ஆண்டின் ஜனவரி மாதத்தோடு பிணைந்தது. முந்தைய ஆண்டின் போரை முடிவுக்குக் கொண்டுவர, சோவியத் பிரதமர் அலெக்ஸி கோசிகின் முன்னின்று நடத்திய பேச்சுவார்த்தையின் பலனாக, இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் பாகிஸ்தான் அதிபர் அயூப் கானும் ஜனவரி 10 அன்று இங்கே உடன்பாட்டில் கையெழுத்திட்டனர். மறுநாள் பொழுது விடிவதற்குள் சாஸ்திரி காலமானார். அவர் பெயரில் இன்றும் நகரில் ஒரு தெருவும், மார்பளவுச் சிலையும், இந்தி கற்பிக்கும் ஒரு பள்ளியும் உள்ளன. தாஷ்கண்டின் பெயர் உலகச் செய்திகளில் அடிபட்ட அந்த மாதத்துக்குப் பிறகு மூன்றரை மாதங்கள் கழிந்தபோது, சாஸ்திரி கண்ட அந்த நகரத்தின் பெரும்பகுதி மண்ணாகியிருந்தது.

நிலநடுக்கத்தின் அளவு ரிக்டர் அளவையில் ஏறத்தாழ 5 மட்டுமே. எண்ணளவில் அது மிதமானது. எனினும் அதிர்வின் மையம் நகரின் நடுப்பகுதிக்கு நேர் கீழே, சில கிலோமீட்டர் ஆழத்திலேயே அமைந்திருந்ததால், பக்கவாட்டில் ஆடுவதற்கு மாறாக நிலம் கீழிருந்து மேலாகத் தூக்கிப் போட்டது. பச்சைமண் செங்கல்லில் எழுப்பிய வீடுகளின் சுவர்கள் அதைத் தாங்கவில்லை. வீடுகள் பெரும்பாலும் ஒற்றைத் தளம் கொண்டவை என்பதால் உயிர்ச்சேதம் குறைவாக இருந்தது. வீடிழந்தோர் எண்ணிக்கையோ சுமார் 3 லட்சம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பின்னதிர்வுகள் தொடர்ந்த அந்தக் கோடையில் மக்கள் தெருவோரக் கூடாரங்களில் வாழ, சோவியத் ஒன்றியத்தின் எல்லாக் குடியரசுகளிலிருந்தும் கட்டுமானப் படைகள் ரயில்களில் வந்திறங்கின.

மண்வீடு போனது, முற்றமும் போனது

மீட்சியின் கதை அதிகாரப்பூர்வ நூல்களில் எப்போதும் வெற்றிக் கதையாகவே சொல்லப்பட்டு வந்தது. அதன் மறுபக்கத்தை ஆய்வாளர்கள் பின்னர் எடுத்துரைத்தனர். பழைய நகரைக் கலைத்துவிட்டு நவீன நகரை எழுப்பும் திட்டங்கள் நிலநடுக்கத்துக்கு முன்பே வரைபடப் பலகைகளில் இருந்தன என்பதும், பழுதுபார்த்துக் குடியேறத்தக்க வீடுகளும் அந்த வேகத்தில் இடிக்கப்பட்டன என்பதும் இன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. இழந்தது சுவர்களை மட்டுமல்ல. ‘மஹல்லா’ எனப்படும் பழைய குடியிருப்புப் பகுதியின் வீடுகள் தெருவுக்குக் கண்ணற்ற சுவரைக் காட்டி, உள்ளே திராட்சைக் கொடி படர்ந்த முற்றத்தைச் சுற்றி அமைந்தவை. பல தலைமுறைகள் அந்த முற்றத்தில் சேர்ந்து உண்டு, உறங்கி, சடங்குகளை நடத்தி வந்தன. தமிழகத்தின் முற்றம் வைத்த வீடுகளை அறிந்தோர்க்கு, முற்றத்திலிருந்து நான்காவது மாடியின் இரண்டு அறைகளுக்குப் போவது எத்தகைய மாற்றம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இந்த இழப்பைக் கட்டடக் கலைஞர்களில் சிலர் உணர்ந்திருந்ததன் தடயம் சுவர்களிலேயே உள்ளது. தொழிற்சாலையில் வார்த்து எடுத்து வந்து பொருத்திய கான்கிரீட் பலகைகளால் ஆன, ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற அடுக்குமாடிகளுக்கு முகம் கொடுக்கும் பணியை ஷார்ஸ்கி என்ற குடும்பப் பெயர் கொண்ட மூன்று சகோதரர்கள் ஏற்று, சன்னலற்ற பக்கச் சுவர்கள் முழுவதும் மொசைக் ஓவியங்களை, அதாவது சிறு வண்ணச் சில்லுகளைப் பதித்து உருவாக்கும் ஓவியங்களை அமைத்தனர். சூரியன், மாதுளை, பறவை, பருத்திப்பூ, விண்மீன், பழைய ஓடுகளின் எண்கோணக் கோலம் ஆகியவை நான்கைந்து மாடி உயரத்துக்கு எழுந்து நிற்கின்றன. கோடையில் வெப்பம் 40 பாகையைத் தொடும் ஊர் என்பதால், முகப்புகளில் ‘பஞ்சரா’ என்னும் பின்னல் தட்டிகளைக் கான்கிரீட்டில் வார்த்துப் பொருத்தினர். மசூதிச் சன்னல்களில் மரத்திலும் சுண்ணத்திலும் இருந்த வடிவம் வெயிலைத் தடுக்கும் திரையாக மறுபிறவி எடுத்தது. திறந்த புத்தகத்தைப் போல வளைந்து நிற்கும் 17 மாடி ஹோட்டல் உஸ்பெகிஸ்தானிலும் (1974), லெனின் அருங்காட்சியகமாகத் தொடங்கி இன்று வரலாற்று அருங்காட்சியகமாக விளங்கும் கட்டடத்திலும் (1970) இந்தப் பின்னல் முகப்பை அருகில் நின்று பார்க்கலாம். பிந்தையதன் உள்ளே, தெற்கே தெர்மெஸ் அருகிலுள்ள ஃபயாஸ் தெபேயில் அகழ்ந்தெடுத்த, போதி மரத்தடியில் இரு துறவியருடன் அமர்ந்த புத்தர் சிற்பம் இருக்கிறது. இந்தியாவிலிருந்து புறப்பட்ட ஒரு சமயம் ஆமூ நதிக்கரை வரை வேர்விட்டிருந்ததற்கு அது சான்று.

■ பெட்டிச் செய்தி: பெயரும் காலமும்

‘தாஷ்’ என்றால் துருக்கிய மொழியில் கல்; ‘கண்ட்’ என்பது ஈரானிய மூலம் கொண்ட, ஊரைக் குறிக்கும் சொல். முற்காலத்தில் இப்பகுதிக்குச் சாச் என்றும், அரேபியர் வழக்கில் ஷாஷ் என்றும் பெயர்; ஏழாம் நூற்றாண்டில் இந்தியாவை நோக்கி வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங் இவ்வழியே சென்றார்.
1865: ரஷ்யப் படை நகரைக் கைப்பற்றியது. அன்ஹோர் கால்வாயின் ஒருபுறம் பழைய நகரும் மறுபுறம் ரஷ்யரின் புது நகரும் அமைந்தன.
1930: உஸ்பெக் குடியரசின் தலைநகரம் சமர்கண்டிலிருந்து இங்கு மாற்றப்பட்டது.
1991 செப்டம்பர் 1: விடுதலை நாள்.

மண்ணுக்கடியில் ஓர் அருங்காட்சியகம்

நிலநடுக்கத்தில் நொறுங்கிய ஊரில் நிலத்தைக் குடைந்து ரயில் விடுவது துணிச்சலான முடிவு. 1977 நவம்பர் 6 அன்று ஓடத் தொடங்கிய தாஷ்கண்ட் மெட்ரோ, நடு ஆசியாவில் முதலாவது, சோவியத் ஒன்றியத்தில் ஏழாவது. வலுவான அதிர்வையும் தாங்கும் வகையில் கட்டப்பட்ட நிலையங்கள் போர்க்காலத்தில் மக்களுக்கான புகலிடமாகவும் திட்டமிடப்பட்டிருந்ததால், அவை பாதுகாப்பு முக்கியத்துவம் வாய்ந்தவையாகக் கருதப்பட்டு, அங்கு படம் எடுப்பது 2018 வரை தடை செய்யப்பட்டிருந்தது. தடை நீங்கியதும் உலகம் முதன்முறையாகக் கண்டு வியந்த அந்த அழகை நகரத்தார் நாற்பது ஆண்டுகளாக அன்றாடம் கடந்து சென்றுகொண்டிருந்தனர்.

காண வேண்டிய நிலையங்களுள் முதலிடம் 1984இல் திறக்கப்பட்ட ‘கோஸ்மனாவ்த்லார்’, அதாவது விண்வெளி வீரர்கள் நிலையத்துக்கு உரியது. பூமியின் காற்று மண்டலத்தைக் கடந்து இருளுக்குள் நுழைவது போல, பீங்கான் பலகைகள் பதித்த சுவர் நீலத்திலிருந்து கருமைக்கு மெல்ல மாறிச் செல்கிறது. அந்த நிறமாற்றத்தின் நடுவே வட்டப் பதக்கங்களில் யூரி ககாரினும் வாலண்டினா தெரெஷ்கோவாவும் மிதக்கின்றனர். மேலே கூரையில் கண்ணாடி விண்மீன்கள் பால்வீதியாக ஓடுகின்றன. பதக்கங்களில் ஒன்று உலுக் பேக்கினுடையது. தைமூரின் பேரனான அந்த அரசர் சமர்கண்டில் வானியல் கூடம் அமைத்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் இருப்பிடங்களைக் கணித்து 1437இல் பட்டியல் தந்தவர். சோவியத் விண்வெளிப் பெருமையைப் பாடுமாறு பணிக்கப்பட்ட கலைஞர்கள், அந்தப் பெருமையின் வேரை ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய தம் சொந்த மண்ணில் காட்டிவிட்டனர். அலிஷேர் நவாய் நிலையத்தின் நீலக் குவிமாடக் கூரைகளிலும் இதே உணர்வைக் காணலாம். பாரசீகமே இலக்கிய மொழியாகக் கோலோச்சிய 15ஆம் நூற்றாண்டில், துருக்கிய மொழியான சகதாயிலும் பெருங்காப்பியம் பாட முடியும் என்று நிறுவிய கவிஞரின் பெயரால் அமைந்த நிலையம் அது. அவருடைய காப்பியக் காட்சிகள் சுவர்ச் சிற்பங்களாக உள்ளன.

‘பக்தகோர்’ நிலையத்தின் முன் சற்று நின்று சிந்திக்க வேண்டும். பருத்தி விளைவிப்பவர் என்பது அதன் பொருள். வெடித்த பருத்திக்காய்கள் மொசைக்கில் பூத்துக் குலுங்கும் அதன் சுவர்கள் மிக அழகானவை. அந்தப் பருத்திக்காக ஆமூ, சிர் நதிகளின் நீரைத் திருப்பியதாலேயே ஆரல் கடல் வற்றியது. அறுவடைக் காலத்தில் மாணவரும் ஆசிரியரும் மருத்துவப் பணியாளரும் வயலுக்கு அனுப்பப்பட்ட கட்டாய உழைப்பு முறை விடுதலைக்குப் பிறகும் நீடித்து, பன்னாட்டு நிறுவனங்கள் உஸ்பெக் பருத்தியைப் புறக்கணிக்கும் நிலையை உண்டாக்கியது. அமைப்பு ரீதியான கட்டாய உழைப்பு முடிவுக்கு வந்ததாகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு உறுதிப்படுத்திய பின், 2022இல் அந்தப் புறக்கணிப்பு விலக்கிக்கொள்ளப்பட்டது. சுவரிலுள்ள வெண்பூக்களைக் காண்போர் அவற்றின் விலையையும் சேர்த்தே காண்பது முறை.

நாற்சந்தியின் நீலக் குவிமாடம்

பழைய நகரில் எஞ்சிய பகுதியின் நடுவே ‘சோர்சு’ சந்தை இருக்கிறது. பாரசீகத்தில் நாற்றிசை வழிகள் கூடுமிடம், தமிழில் நாற்சந்தி. சந்தை கூடும் இடம் பல நூற்றாண்டுப் பழமை உடையது. அதன்மேல் கவிழ்ந்த பெரிய நீலக் குவிமாடம் 1980இல் எழுந்தது. பழைய மசூதிக் குவிமாடத்தின் வடிவத்தைக் கான்கிரீட்டுக்கு மாற்றி, வெயிலையும் பனியையும் தடுக்கும் கூரையாக்கிய இந்தக் கட்டடம், மேலே சொன்ன இருபதாம் நூற்றாண்டுக் கலைமரபு மக்களின் அன்றாட வாழ்வோடு ஒன்றிப்போனதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு.

குவிமாடத்தின் கீழ்த்தளத்தில் இறைச்சிக் கடைகள். குதிரை இறைச்சியில் செய்த ‘கஸி’ இங்கே மதிப்புமிக்க பண்டம். தயிரை வடித்து உப்பிட்டு உருட்டி உலர்த்திய ‘குருத்’ உருண்டைகள், அளவிலும் நிறத்திலும் வெவ்வேறாகக் குவிந்திருக்கும். மேல்மாடத்தில் உலர்பழங்களும் பருப்பு வகைகளும். வெளியே தந்தூர் அடுப்பின் உட்சுவரில் ஒட்டிச் சுடும் ‘நான்’ ரொட்டியின் நடுப்பகுதி உப்பிவிடாதிருக்க, ‘செக்கிச்’ என்னும் முள் பதித்த மர முத்திரையால் குத்துகிறார்கள். அந்த முள் வரிசையே பூக்கோலமாக ரொட்டியில் பதிகிறது. ரொட்டியைக் கவிழ்த்து வைப்பதும் தரையில் வைப்பதும் இங்கே பெருந்தவறு.

காய்கறிப் பகுதியில் சீவிய கேரட்டில் பூண்டும் மிளகாயும் வினிகரும் சேர்த்த ஒரு கலவை கிண்ணம் கிண்ணமாக விற்பனைக்கு இருக்கும். பலர் அதை உள்ளூர்ப் பண்டம் என்றே எண்ணுவர். 1937இல் ஸ்டாலின் ஆணையால் தூரக் கிழக்கிலிருந்து ரயில்களில் ஏற்றி நடு ஆசியாவுக்கு நாடு கடத்தப்பட்ட சுமார் 1,70,000 கொரியர்கள், தம் ஊர் முட்டைக்கோசு கிட்டாத நிலையில், கிடைத்த கேரட்டில் செய்துகொண்ட ஊறுகாய் அது. ஒரு மக்கள் கூட்டத்தின் துயரம் மூன்று தலைமுறைகளில் இன்னொரு மக்களின் சாப்பாட்டு மேசையில் தொடுகறியாக அமர்ந்துவிட்டது.

உணவில் தலையாயது ‘ஓஷ்’ என்றும் பலாவ் என்றும் சொல்லப்படுவது. ஆட்டிறைச்சி, வெங்காயம், நீளவாக்கில் அரிந்த மஞ்சள் கேரட் மூன்றையும் எண்ணெயில் வதக்கிக் கொதிக்கவிட்ட ‘ஸிர்வக்’ என்னும் அடிச்சாற்றின் மேல் அரிசியைப் பரப்பி, கிளறாமல் வேகவைப்பது முறை. மணம் சீரகத்தால் வருகிறது. பெரிய இரும்புக் கொப்பரையில் காலையிலேயே சமைத்து நண்பகலுக்குள் தீர்ந்துவிடும் உணவு இது என்பதால், மாலையில் தேடுவோர்க்குப் பெரும்பாலும் கிடைக்காது. பலாவ் சமைத்துப் பரிமாறும் மரபை யுனெஸ்கோ 2016இல் தன் பட்டியலில் சேர்த்தது. உடன் வரும் பச்சைத் தேநீரைப் ‘பியாலா’ என்னும் கைப்பிடியற்ற கிண்ணத்தில் பாதிக்கும் குறைவாகவே ஊற்றித் தருவார்கள். விருந்தினர் மீண்டும் மீண்டும் கேட்க வேண்டும் என்பதே அதன் பொருள், கிண்ணத்தை நிறைப்பது ‘போய் வாருங்கள்’ என்பதற்கான குறிப்பு.

■ பெட்டிச் செய்தி: தோலில் எழுதிய திருமறை

சோர்சுவுக்கு அருகிலுள்ள ஹஸ்ரத்தி இமாம் பகுதி, ஷாஷ் என்ற ஊர்ப்பெயரையே தன் பெயரில் தாங்கிய பத்தாம் நூற்றாண்டு அறிஞர் கஃபால் ஷாஷியின் அடக்கத்தலத்தைச் சுற்றி உருவானது. விலங்குத் தோலில் கூஃபி எழுத்தில் எழுதப்பட்ட பழைமையான குர்ஆன் பிரதி இந்தப் பகுதியின் பெருஞ்செல்வம். 656இல் கொல்லப்பட்ட கலீபா உஸ்மான் ஓதிக்கொண்டிருந்த பிரதி இதுவே என்பது மரபு. எழுத்தமைதியை ஆராய்ந்தோர் இதை எட்டாம் அல்லது ஒன்பதாம் நூற்றாண்டினதாகக் கணிக்கின்றனர். சமர்கண்டிலிருந்து 1869இல் ரஷ்யர் இதைச் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்குக் கொண்டு சென்றனர். புரட்சிக்குப் பின் ஊஃபா வழியாக 1924இல் தாஷ்கண்ட் வந்தது. 1997இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது.

கைதிகள் எழுப்பிய கலையரங்கம்

1966இல் நகரம் குலுங்கியபோது குலையாமல் நின்ற கட்டடங்களுள் நவாய் ஓபரா அரங்கம் ஒன்று. மாஸ்கோவில் லெனின் சமாதியை வடிவமைத்த அலெக்ஸி ஷூசெவ் வரைந்து, 1947இல் திறக்கப்பட்ட இதன் கட்டுமானத்தில் சில நூறு ஜப்பானியப் போர்க்கைதிகள் உழைத்தனர். அவர்கள் பணியை நினைவுகூரும் கல்வெட்டு அரங்கின் சுவரில் உள்ளது. ஊர் திரும்பாமலே இறந்த கைதிகளில் 79 பேரின் கல்லறைகள் யக்கசராய் மயானத்தில் இருக்கின்றன. அரங்கின் உள்ளே ஆறு கூடங்கள் நாட்டின் ஆறு வட்டாரங்களின் கைவினைக்கு உரியவை. ‘கஞ்ச்’ என்பது ஜிப்சமும் களிமண்ணும் கலந்த சாந்து; முழுதும் உலர்ந்து இறுகும் முன், அரை ஈரத்திலேயே கத்தியால் கோலத்தைச் செதுக்கி முடிக்க வேண்டும், தவறினால் திருத்த வழியில்லை. புகாராவின் புகழ்பெற்ற உஸ்தா ஷிரின் முராதவ் அந்தச் சாந்தில் செதுக்கிய வெண்பூ வேலைப்பாட்டைப் பார்க்க, நிகழ்ச்சி ஒன்றுக்குச் சீட்டு வாங்கி, இடைவேளையில் கூடங்களைச் சுற்றி வருவதே சிறந்த வழி.

இடிபடுவதும் காக்கப்படுவதும்

நினைவுச் சின்னங்களை இடம் மாற்றும் பழக்கம் தாஷ்கண்டுக்குப் புதிதல்ல. நகர நடுவே இன்று குதிரைமேல் தைமூர் வீற்றிருக்கும் சதுக்கத்தில், ஜார் ஆட்சியின் ஆளுநர் காஃப்மனும், ஸ்டாலினும், கார்ல் மார்க்சும் ஒருவர்பின் ஒருவராக இருந்து அகன்றனர். விடுதலைக்குப் பிறகு தைமூர் வந்தார். சிலைகள் மாறியபோதெல்லாம் மாறாமல் நின்றவை நூற்றாண்டு கடந்த சினார் மரங்கள். கோடையில் நகரத்தார் அடைக்கலம் தேடிய அந்த நிழலை 2009இல் வெட்டிச் சாய்த்தார்கள். இரண்டாம் உலகப் போரில் அனாதைகளான, பல இனங்களைச் சேர்ந்த பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்த்த கொல்லர் ஷாமஹ்மூதவ் தம்பதியின் சிலை 2008இல் மையத்திலிருந்து புறநகருக்கு அகற்றப்பட்டது. 2017இல் அது பழைய இடத்துக்கே திரும்பியது இந்நகரின் அண்மைக் கால நற்செய்திகளுள் ஒன்று.

அதே 2017இல் அறிவிக்கப்பட்ட ‘தாஷ்கண்ட் சிட்டி’ என்னும் வணிக வளாகத் திட்டத்துக்காக மஹல்லாக்கள் அகற்றப்பட்டதும், 1980களின் தொடக்கத்தில் எழுந்த ‘தோம் கினோ’ திரைப்பட இல்லம் 2018இல் இடிக்கப்பட்டதும் நகரத்தாரை உலுக்கின. ஆசிய, ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவை 1968 முதல் நடத்தி, ராஜ் கபூரைத் தன் வீட்டுப் பிள்ளையாகக் கொண்டாடிய ஊருக்கு ஒரு திரைப்பட இல்லம் வெறும் கட்டடமாக இருந்திருக்க முடியாது. அந்த இழப்புக்குப் பிறகு, நாட்டின் கலை, பண்பாட்டு வளர்ச்சி அறக்கட்டளை 2021 முதல் மிலான் நகர ஆய்வாளர்கள் உள்ளிட்டோருடன் சேர்ந்து நவீனத்துவக் கட்டடங்களை ஆவணப்படுத்தி, அவற்றுள் பலவற்றுக்குச் சட்டப் பாதுகாப்பையும் பெற்றுத் தந்துள்ளது. பெரிய கட்டடங்கள் இதனால் ஓரளவு தப்பிவிட்டன. அடுக்குமாடிகளின் பக்கச் சுவர்களிலுள்ள மொசைக் ஓவியங்கள்தாம் இன்னும் ஆபத்தில் இருப்பவை. குளிர்சாதனப் பெட்டிக்குத் துளையிடும்போதும், முகப்பைப் புதுப்பிக்கும்போதும், முன்னே புதுக் கட்டடம் எழும்போதும் அவை சிறிது சிறிதாக மறைகின்றன.

சென்னைக்காரர் ஒருவரின் தடம்

தாஷ்கண்டுக்கும் தமிழகத்துக்கும் இடையே அதிகம் பேசப்படாத ஓர் உறவு உண்டு. 1920 அக்டோபரில் எம்.என். ராய் முதலானோர் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கியது இந்நகரில்தான். அந்தக் கூட்டத்தில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், சென்னையில் பிறந்து, பாரதியாரோடு ‘இந்தியா’ பத்திரிகைப் பணியில் இணைந்து நின்ற எம்.பி.டி. ஆச்சார்யா. கட்சியின் பிறப்பை 1925 கான்பூர் மாநாட்டிலிருந்து கணக்கிடுவோரும் 1920 தாஷ்கண்டிலிருந்து கணக்கிடுவோரும் இன்றும் உளர். எவ்வாறாயினும், பாரதியின் நண்பர் ஒருவர் நடந்த தெருக்கள் இவை.

தில்லியிலிருந்து ஏறத்தாழ மூன்று மணி நேர விமானப் பயணத்தில் உள்ள இந்நகருக்கு இந்தியர்கள் இணையவழி விசாவில் செல்லலாம். ஏப்ரல், மே மாதங்களும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களும் ஏற்றவை. இங்கிருந்து ‘அஃப்ரோசியோப்’ அதிவேக ரயில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் சமர்கண்டை அடைந்துவிடுவதால், இறங்கிய மறுநாளே கிளம்பிவிடும் ஆசை எழுவது இயல்பு. அந்த ரயிலுக்கு இரண்டு நாள் தள்ளிச் சீட்டு எடுக்க வேண்டும். முதல் நாளைச் சந்தைக்கும் மெட்ரோவுக்கும் ஒதுக்கி, இரண்டாம் நாள் மொசைக் சுவர்களைத் தேடி அடுக்குமாடிப் பகுதிகளில் கால்நடையாகச் சுற்றுவது நல்லது. சமர்கண்டின் குவிமாடங்கள் அடுத்த ஆண்டும் இருக்கும். இந்தச் சுவர்கள் எல்லாவற்றையும் பற்றி அவ்வாறு உறுதி கூற இயலாது.